மண்ணோடு பெயர்த்த குடிசை

"அப்போ சீதை யாருலே?"

படம் முடிந்து அரோரா தியேட்டரின் வாசலுக்கு வந்ததும் ஆச்சி கேட்ட முதல் கேள்வி இதுதான். பேரனுக்கு அப்போது வயது 15. சீதையைப் பற்றி யோசிக்கும் நிலையில் அவன் இல்லை. இந்தப் படத்துக்கென்றே வாங்கிய கறுப்புச் சட்டையின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கையில் குடையோடு மழையில் ரஜினி போட்ட சண்டையைப் பற்றி நண்பனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா பேசவே இல்லை. அவருக்கு வேறு கோபம் இருந்தது. அது பிறகு.

அன்று 2018 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை. பா. ரஞ்சித்தின் 'காலா' வெளியாகி நான்காவது நாள். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் உள்ள அரோராவை மும்பைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொன்னால், ரஜினி படம் வெளியாகும் நாளில் அந்த வாசலில் நின்றால் நாம் மகாராஷ்டிரத்தில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும். கட்அவுட், மாலை, மேளம் எல்லாம் உண்டு. தாராவியிலிருந்து அங்கே நடந்தே வந்துவிடலாம். ஆச்சியின் குடும்பம் நடந்துதான் வந்தது.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குப் பிழைக்க வந்த குடும்பத்தின் மகன் கரிகாலன். தாராவியை இடித்துவிட்டு அடுக்குமாடிகளும் கோல்ஃப் மைதானமும் கட்ட நினைக்கும் அரசியல்வாதி ஹரி தாதா. ரஜினிக்குக் கறுப்பு உடை, நானா படேகருக்கு வெள்ளை உடை. காலாவின் வீட்டுக்கு வரும் ஹரி தாதா, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே போகிறார். காலாவின் மேசையில் புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' கிடக்கிறது. 1946இல் வெளியாகி, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கிய புத்தகம் அது. அவருடைய ஜீப்பின் எண் 1956, அம்பேத்கர் மறைந்த ஆண்டு. காலாவின் நண்பனுக்குப் பெயர் வாலியப்பன். கடைசியில் ஹரி தாதா வீட்டில் ராமாயணம் படிக்கிறார்கள். ராவணனின் தலைகள் அறுந்து விழுவதை அங்கே வாசிக்க வாசிக்க, இங்கே தாராவி எரிகிறது. எந்த இடத்திலும் 'இது ராமாயணம்' என்று யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்கத் தேவையும் இல்லை. வாலி என்ற பெயரைக் கேட்டதுமே தமிழனுக்கு மறைந்திருந்து வந்த அம்பு நினைவுக்கு வந்துவிடும்.

ஆனால் ஆச்சிக்குக் கணக்கு உதைத்தது.

"ராவணன் எதுக்குச் செத்தான்? அடுத்தவன் பொண்டாட்டியத் தூக்குனான், செத்தான். இவன் யாரத் தூக்குனான்? அந்த சரீனா, அவளாத்தான் வந்தா, அவளாத்தான் போனா. இவன் பொண்டாட்டியத்தான் அவனுவ லாரிய ஏத்திக் கொன்னானுவ. ஒரு தப்பும் செய்யாதவன எப்படிலே ராவணன்னு சொல்லுதிய?"

மும்பையில் அந்த வாரம் படத்தைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் ஏராளம். ரஜினி படமா, ரஞ்சித் படமா என்று ஒரு சண்டை. பாட்டு அதிகம் என்றார்கள், தாராவி அசல் இல்லை, சென்னைக்கு வெளியே போட்ட செட் என்றார்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் படத்தின் ஆணிவேரில் கைவைத்த கேள்வி, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பூக்காரியிடமிருந்துதான் வந்தது.

ஆச்சி 1970இல் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து கல்யாணமான கையோடு தாராவிக்கு வந்தவர். கணவருக்குத் தோல் பதனிடும் தொட்டியில் வேலை. அந்த வேலைக்கென்றே நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு ஆள் வரத் தொடங்கி, அவர் வருவதற்குள் இரண்டு மூன்று தலைமுறை ஆகியிருந்தது. தோல் வாடையைத் தாங்கிக்கொள்ள ஆச்சி கண்டுபிடித்த வழி பூ வியாபாரம். விடிவதற்கு முன்னால் தாதர் பூ மார்க்கெட். காலை ஏழு மணிக்கெல்லாம் மாட்டுங்காவின் பிராமண வீடுகளில் வாடிக்கைப் பூ. சாயங்காலம் பஜனை சமாஜம், கோயில் வாசல்களில் உட்கார்ந்து கட்டுவார். உள்ளே நடக்கும் உபன்யாசம் ஒலிபெருக்கியில் வெளியே வரும். வால்மீகி, கம்பன், துளசிதாசர் எல்லாரையும் ஆச்சி இப்படிப் பூக்கட்டிக்கொண்டேதான் கேட்டார். நாற்பது ஆண்டுகளில் எத்தனை பட்டாபிஷேகம் ஆகியிருக்கும் என்று அவருக்கே கணக்கில்லை. போதாததற்கு 1987, 88இல் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ராமானந்த் சாகர். பக்கத்து வீட்டு டிவிக்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்த கூட்டத்தில் ஆச்சியும் ஒருவர்.

ஆக ராமாயணத்தில் அவருக்கு நடக்கும் பாத்தியதை உண்டு. யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

குடும்பத்தில் மற்றவர்களின் அபிப்பிராயம் வேறு வேறு திசையில் போனது. இளைய மகன், அதாவது பேரனின் அப்பா, தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர். சின்ன வயதிலிருந்தே ரஜினி ரசிகர். முதல் நாள், முதல் காட்சி என்பது அவருக்கு நேர்த்திக்கடன். இந்த முறை மட்டும் முதல் நாள் போகவில்லை. படம் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால், மே 22இல் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு. 13 பேர் செத்துப்போனார்கள். தாராவியில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டு. இரண்டு நாள் ஊருக்கு போன் போட்டபடியே இருந்தார்கள். மே 30இல் தூத்துக்குடிக்குப் போய் ஆறுதல் சொன்ன ரஜினி, போராட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டதாகவும், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்று போனால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றும் பேசினார். பத்து நாள் கழித்துத் திரையில் அதே ரஜினி, உடம்பே நமக்கு ஆயுதம், வேலைக்குப் போகாமல் நின்றால் நகரமே நின்றுபோகும் என்கிற போராட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். அப்பா படம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எழுதிக் கொடுத்தவன் நல்லா எழுதியிருக்கான்" என்றார். ஒரு ரசிகர் தன் நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் கடுமையான வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

மூத்த மகன் செம்பூரில் இருக்கிறார். பேரனுக்குப் பெரியப்பா. உரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, கடன் வாங்கி, சேடா நகர் முருகன் கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு படுக்கையறை ஃபிளாட் வாங்கி, தாராவியை விட்டு வெளியேறிய முதல் ஆள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, மறுவாரமே அம்மாவிடம் வந்து கொட்டித் தீர்த்தார்.

"எதுக்கும்மா மறுபடி மறுபடி அந்தச் சாக்கடையையே காட்டுறான்? நாம அதிலிருந்து வெளிய வர நாப்பது வருஷம் ஆச்சு. 'நாயகன்' பாத்தோம். அதுலயும் தாராவிதான். ஆனா பாத்துட்டு வெளிய வந்தா நெஞ்சு நிமிந்து நடந்தோம்."

'நாயகன்' வந்தது 1987இல். வரதராஜ முதலியாரின் வாழ்க்கையை ஒட்டி மணிரத்னம் எடுத்தது. அதிலும் தாராவி சென்னையில் போட்ட செட்தான், தோட்டா தரணியின் கைவண்ணம். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெரியப்பாவின் மனக்குறை சினிமாவைப் பற்றியது அல்ல. மகளுக்கு மாப்பிள்ளை தேடியபோது, ஜாதகத்தோடு கொடுத்த தாளில் பிறந்த ஊர் என்ற இடத்தில் 'சயான்' என்று எழுதியவர் அவர். தாராவியில் பிறந்து வெளியே போன பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். சயான் பக்கத்து ரயில் நிலையம், முழுப் பொய்யும் இல்லை. ஒரு சூப்பர் ஸ்டார் வந்து நின்று, இது என் இடம், இதைவிட்டுப் போகமாட்டேன் என்று மூன்று மணி நேரம் சொன்னால், போய்விட்டவனுக்கு உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் அவரும் ஒன்றை ஒப்புக்கொண்டார். செல்வியாக வரும் ஈஸ்வரி ராவின் பேச்சு. "நம்ம வீட்டுப் பேச்சும்மா அது. ஒரு நிமிஷம் நீ பேசுற மாதிரியே இருந்துச்சு." ஆச்சிக்கு இதில் பெருமையில்லை. அந்தச் செல்வி பாதிப் படத்தில் செத்துப்போனதில்தான் அவருக்கு வருத்தம்.

மாட்டுங்காவில் ஆச்சி பூக்கொடுக்கும் வீடுகளில் பழையது ஒரு மாமியின் வீடு. முப்பத்தைந்து வருஷப் பழக்கம். மாமி வாசலுக்கு வந்து பூவை வாங்குவதும், ஆச்சி படியில் உட்கார்ந்து கால்மணி நேரம் பேசுவதும் வழக்கம். மாமியும் படத்தைப் பார்த்திருந்தார். பேரன் வற்புறுத்தி அழைத்துப் போனானாம். மாமிக்கு ராவணனைப் பெருமைப்படுத்தியதில் ஆட்சேபமே இல்லை.

"ராவணன் என்ன லேசுப்பட்டவனா? சாமகானம் பாடினவன். கைலாசத்தையே அசைச்சுப் பாத்தவன். கம்பர் அவனை எப்படித் தூக்கி வெச்சிருக்கார் தெரியுமோ? யுத்தத்துல எல்லாத்தையும் இழந்துட்டு நிக்கறவனை, இன்னிக்குப் போ, நாளைக்கு வான்னு ராமரே அனுப்பறாரே. ஆனா கடைசில அந்தப் பாராயணத்தைப் படிச்சுண்டே வீட்டைக் கொளுத்தறதாக் காட்டினானே, அதுதான் எனக்குத் தாங்கலை. நாங்க படிக்கற ராமாயணம் யார் வீட்டைம்மா கொளுத்தித்து?"

ஆச்சி பூ முழத்தை அளந்துகொண்டே சொன்னார்: "உங்க வீட்ல படிச்சது கொளுத்தல மாமி."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை எரிந்தபோது தாராவியும் எரிந்தது. ஆச்சியின் சந்துக்கு அடுத்த சந்து. அன்று காதில் விழுந்த கோஷத்தில் இருந்த பெயர், சமாஜத்தின் ஒலிபெருக்கியில் அவர் இருபது வருஷமாகக் கேட்ட அதே பெயர். மூன்று வாரம் பூ வியாபாரம் இல்லை. பிறகு மாட்டுங்காவுக்குப் போனபோது, மாமிதான் படியில் உட்காரவைத்துக் காபி கொடுத்து, எல்லாரும் பத்திரமா என்று விசாரித்தார். இரண்டும் ஆச்சிக்கு ஞாபகம் இருக்கிறது. அரோராவில் அந்தக் கடைசிக் காட்சி வந்தபோது ஆச்சி கண்ணை மூடிக்கொண்டார். மாமியும் அதே காட்சியில் தலையைக் குனிந்துகொண்டதாகச் சொன்னார். ஒரே காட்சி, இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இந்த இடத்தில் விமர்சகர்கள் ரஞ்சித்தை இரண்டு விதமாகத் திட்டினார்கள், இரண்டு விதமாகப் பாராட்டினார்கள். ராமாயணத்தைத் தலைகீழாக்குவது தமிழில் புதிது அல்ல; பெரியார் செய்தார், புலவர் குழந்தை செய்தார், எம்.ஆர். ராதா மேடையிலேயே ஆடிக்காட்டினார். அவர்களெல்லாம் ராமனை நோக்கிக் கேள்வி கேட்டார்கள். 'காலா' ராமனைக் கேள்வி கேட்கவில்லை. ராமன் பெயரைச் சொல்லிக்கொண்டு நிலத்தை எடுக்க வருபவனைத்தான் கேட்கிறது. இந்த வித்தியாசம் படத்தில் தெளிவாக இல்லை என்பதும் உண்மை. கறுப்பு, வெள்ளை என்று வண்ணம் பிரித்த வேகத்தில் அது கொஞ்சம் கலங்கிப்போயிற்று.

ஒரு வாரம் கழித்துப் பேரன் விடையோடு வந்தான். பள்ளியில் பையன்கள் பேசிக்கொண்டதா, அவனே யோசித்ததா தெரியாது.

"ஆச்சி, நிலம்தான் சீதை."

"எப்படிலே?"

"சண்டை எதுக்கு? தாராவி மண்ணுக்கு. அப்போ அதுதான சீதை?"

ஆச்சி இதை அப்படியே மறுநாள் மாட்டுங்கா படிக்குக் கொண்டுபோனார். மாமி சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "உன் பேரன் கெட்டிக்காரன். சீதைன்னாலே உழுத சால்தானேம்மா. ஜனகர் பூமியை உழறச்சே கிடைச்சவ. கடைசில பூமிக்குள்ளயே போனவ" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் தூக்கிக்கொண்டு போகிறான். கம்பன் அதைச் சகிக்கவில்லை. அவனுடைய ராவணன் சீதையைத் தொடுவதே இல்லை. அவள் இருந்த குடிசையை, அடியில் இருந்த மண்ணோடு சேர்த்துப் பெயர்த்துத் தேரில் வைத்துக்கொண்டு போய்விடுகிறான்.

கம்பனைப் பாடமாகப் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம்தான் இது. கற்புக்குப் பங்கம் வராமல் கவிஞர் செய்த ஏற்பாடு என்று வகுப்பில் சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்கள். குடிசையை மண்ணோடு பெயர்ப்பது என்றால் என்ன என்று யோசிக்கிற மாணவன் அந்த வகுப்பில் இருக்கமாட்டான். தாராவியில் அது எல்லாருக்கும் தெரியும்.

ஆச்சி அன்று வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னார். "குடிசைய மண்ணோட பேத்தவன்தானலே ராவணன்? அப்போ அந்த வெள்ளச் சட்டக்காரன்தான் ராவணன். உங்க ரஜினி கறுப்பா இருக்கதால ராவணன் ஆயிருவானா? ராமனும் கறுப்புதாம்லே." 

பேரனுக்குப் பதில் வரவில்லை. நீலமேக சியாமளன் என்று ஆயிரம் தடவை ஒலிபெருக்கியில் கேட்டவரிடம் யார் வாதாட முடியும்? படம் ராமாயணத்தைத் தலைகீழாகப் புரட்டியது. ஆச்சி அதை மறுபடி புரட்டி நேராக்கிவிட்டார். ஆனால் நேராக்கிய பிறகும் ராமன் தாராவியில்தான் இருந்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு, 2019இல், ஆங்கிலத்தில் ஒரு படம் வந்தது. தமிழில் சொன்னால் 'ராஜாவாகப்போகும் பையன்'. ஜோ கார்னிஷ் இயக்கியது. பிள்ளைகளுக்கான படம். பேரன் அதைச் சில மாதங்கள் கழித்து போனில் பார்த்தான். பார்த்த அன்றே மாடியிலிருந்து இறங்கிவந்து ஆச்சிக்குக் கதை சொன்னான். இங்கிலாந்துக்காரர்களுக்கு ஆர்தர் ராஜா கதை என்றால் நமக்கு ராமாயணம், பாரதம் மாதிரி. கல்லில் சொருகிய கத்தி ஒன்று. அதை எவன் உருவுகிறானோ அவனே ராஜா. பெரிய பெரிய பிரபுக்களெல்லாம் இழுத்துப் பார்த்துத் தோற்ற பிறகு, யார் பிள்ளை என்றே தெரியாமல் இன்னொருவர் வீட்டில் வளர்ந்த ஆர்தர் வந்து உருவுகிறான். பிறகு பார்த்தால் அவன் ராஜாவின் மகன்.

"கர்ணன் கதையாலே?" என்றார் ஆச்சி. 1991 தீபாவளிக்கு வந்த 'தளபதி'தான் அவர் கணவரோடு கடைசியாகப் பார்த்த படம். கர்ணன் என்றால் அவருக்கு அந்த ரஜினிதான்.

இந்தப் புதிய படத்தில் ஆர்தர் இல்லை, லண்டனில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன்தான் இருக்கிறான். அவனுக்குக் கத்தி கிடைப்பது காட்டிலோ கோயிலிலோ அல்ல. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கான்கிரீட் துண்டில். கதையின் இந்த இடத்தில் பேரன் எழுந்து நின்றுவிட்டான். அவர்கள் சந்தின் முனையில் அப்படிப்பட்ட கான்கிரீட் துண்டுகள் எப்போதும் கிடந்தன. எந்தத் தாராவிப் பையனும் அதிலே ஒரு கம்பியையாவது இழுத்துப் பார்த்திருப்பான், எடைக்குப் போடுவதற்காக.

படத்தைப் பற்றி அவனுடைய நண்பர்களுக்குள் சண்டை. சண்டைக் காட்சிகள் குழந்தைத்தனம் என்றான் ஒருவன். ஆர்தர் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று, ஆர்தர் கதையை ஒருபோதும் படித்திராத இன்னொருவன் சொன்னான். பேரனுக்குப் பிடித்தது வேறு. அந்தப் பையன், தன்னைவிட்டுப் போய்விட்ட அப்பாவுக்கும் ஆர்தருக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது, அதனால்தான் கத்தி தன்னிடம் வந்தது என்று நம்பி, அப்பா கொடுத்ததாக நினைத்த புத்தகத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு அவரைத் தேடிப் போகிறான். போய்ப் பார்த்தால் ஆதாரம் எல்லாம் ஒன்றுமில்லை. அப்பா அப்படிப்பட்ட ஆளும் இல்லை. ராஜாவாக ராஜ வம்சத்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற அவசியமே கிடையாது என்று படம் சொல்லிவிடுகிறது.

"எந்த ஆதாரமும் வேண்டாமா?" என்றார் ஆச்சி.

"வேண்டாம்."

"குடுத்து வச்சவன்" என்றார் ஆச்சி.

அவருடைய தகரப் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கிறது. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் 1976இல் மும்பைக் குடிசைகளைக் கணக்கெடுத்தபோது கொடுத்த போட்டோ பாஸ். கணவரும் அவரும் இடுப்பில் மூத்த மகனும் நிற்கும் மங்கிய படம். கூடவே ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியலின் நகல், கணவர் பெயரில் வந்த மின்சார ரசீதுகள். ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பெட்டி முதலில் பரண் ஏறும், மனிதர்கள் பிறகு. தாராவியைப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று 2004இல் அரசு அறிவித்ததிலிருந்து அந்தப் பைக்கு மரியாதை கூடிற்று. டெண்டர்கள் வந்தன, ரத்தாயின. 2022 நவம்பரில் அதானி குழுமத்தின் ஏலம் வென்றது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. சில சந்துகளில் மறித்தார்கள், சிலவற்றில் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

விதி இதுதான்: 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும், மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி.

ஆச்சி கீழே இருக்கிறார். மகனும் மருமகளும் பேரனும் மேலே. மகனுக்குக் கல்யாணமாகி, குடும்பம் பெருகிய பிறகு 2003இல் இரும்புத் தூண் நட்டு எழுப்பிய மாலா அது. செங்குத்தான இரும்பு ஏணியில்தான் ஏறவேண்டும். ஐந்து படி ஏறினால் மகன் வீடு. ஒரே அடுப்பு, ஒரே குழாய். ஆனால் காகிதத்தில் இரண்டு வீடு. ஒன்று தாராவியில், மற்றது எங்கேயோ.

கம்பனின் ராவணன் குடிசையை மண்ணோடு பெயர்த்தான், சரி. மேல்வீட்டை ஒரு பக்கமும் கீழ்வீட்டை ஒரு பக்கமுமாகப் பிரித்துப் பெயர்ப்பது கம்பனுக்கும் தோன்றாத கற்பனை.

கணக்கெடுப்பாளர்கள் வந்த அன்று பேரனுக்கு வயது 21. வேலைக்கு லீவு போட்டுவிட்டு நின்றான். அவர்களும் இளைஞர்கள்தான், மரியாதையாகப் பேசினார்கள். கருவியை வைத்து அளந்தார்கள். ஆச்சியின் போட்டோ பாஸைப் படமெடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பையன் அதைத் திருப்பித் தரும்போது இரண்டு கைகளாலும் பிடித்துக் கொடுத்தான். அதை ஆச்சி பிற்பாடு பலரிடம் சொன்னார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணை எழுதினார்கள். ஏணிக்கு மேலே இன்னொரு எண்.

செம்பூரிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "அம்மா, நீ இங்க வந்துரு. தம்பி வேற இடத்துல வீடு வாங்கிக்கட்டும்" என்றார். அப்பா போனை வாங்கி, "அண்ணே, அம்மா ஆதாரத்துலதான் நாங்களே நிக்கோம்" என்றார். அதன்பின் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. துண்டிக்கவும் இல்லை.

மறுநாள் மாட்டுங்கா படியில் ஆச்சி இந்த எண் விஷயத்தைச் சொன்னார். மாமிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அவர்கள் கட்டடத்தையும் இடித்துவிட்டு உயரமாகக் கட்டப்போகிறார்களாம். அதுவரை மாமி பெங்களூரில் மகள் வீட்டில் இருக்க வேண்டும். "பூ யார் தருவா அங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்று ராத்திரி ஆச்சி பேரனைக் கூப்பிட்டார். "அந்தக் கத்திப் படத்தப் போடுலே."

'காலா'வைப் போடட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது எரிகிற படம். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து இருவரும் பார்த்தார்கள். ஆங்கிலம் ஆச்சிக்குப் புரியாது. பேரன் இடையிடையே சொல்லிக்கொண்டு வந்தான். கான்கிரீட்டிலிருந்து பையன் கத்தியை உருவியபோது ஆச்சி தலையை ஆட்டினார். அந்தப் பையனின் அம்மா வரும் இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். திரைக்கு அருகே குனிந்து, அவள் பின்னால் தெரிந்த சுவரையும் கதவையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவிய வீடு கீழயாலே, மேலயா?"

பேரன் அதைக் கவனித்ததில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று படத்தைப் பின்னோக்கி நகர்த்தினான்.